இரண்டு விநாடி வெளிச்சம்

குரு என்றால் தாடி இருக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போட்டுவிடவில்லை. தாராபுரம் பஸ் நிலையத்துக்குப் பின்சந்தில் இருந்த குருவுக்கு வயது முப்பத்து நாலு. பெயர் சுகந்தி. காதில் சின்னத் தோடு, கையில் சால்டரிங் கம்பி, கடை முழுக்க முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் டிவிகள்.

சீடருக்கு வயது அறுபத்தொன்று. பெயர் நாச்சிமுத்து. மேல்நிலைப் பள்ளியில் முப்பத்திரண்டு வருடம் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர். அதே பள்ளியில், பதினொன்றாம் வகுப்பில், மின்னோட்டப் பாடத்தில் சுகந்திக்கு நூற்றுக்கு முப்பத்தொன்று போட்டு, "நீயெல்லாம் கரண்ட் பக்கமே போயிராதே" என்று சொன்னவரும் அவரேதான்.

ஊர் சிரிக்காமல் இருக்குமா? சிரித்தது. "வாத்தியாரு டியூசன் போறாரு" என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். நாச்சிமுத்து காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவருக்கு ஒரு டிவி ஓடியாக வேண்டும்.

அது அவருடைய ஒரே மகள் மேகலா முதல் சம்பளத்தில் வாங்கி அனுப்பிய டிவி. மேகலா பெங்களூரில் கார்ட்டூன் படங்களுக்கு வரைகிறாள். போன தீபாவளிக்குக் காலையில் வந்தவள், மத்தியானம் சாப்பிட்ட கையோடு பஸ் ஏறிவிட்டாள். இந்தத் தீபாவளிக்கு வருவதாக இன்னும் வாய் திறக்கவில்லை. "உன் டிவி ஓடுது, வந்து பாரு" என்று ஒரு வார்த்தை சொல்ல முடிந்தால் வந்துவிடுவாள் என்று அந்த மனுஷர் நம்பினார். மகளை வீட்டுக்குக் கூப்பிட ஒரு தகப்பனுக்கு டிவி தேவைப்படுகிறது என்றால் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் டிவியை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டு சுகந்தி கேட்டாள்.

"என்ன பண்ணுதுங்க சார்?"

"ரிமோட்டை அமுக்கினா படம் வருது. ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணறதுக்குள்ள அணைஞ்சு போகுது. அப்புறம் சிவப்பு விளக்கு மட்டும் எரியுது."

"நீங்க ஏதாச்சும் பண்ணுனீங்களா?"

"நான் ஒண்ணும் பண்ணலை அம்மணி. தானா போயிருச்சு."

கடைக்கு வருகிற அத்தனை பேரும் சொல்லும் முதல் வாக்கியம் அதுதான். சுகந்தி அவர் முகத்தையே பார்த்தாள்.

"பவர் போர்டு மட்டும் புதுசு வாங்கி மாட்டினேன்" என்றார் நாச்சிமுத்து.

"ஏனுங்க சார்?"

"கரண்ட் நிக்குது. அப்பக் கரண்ட் குடுக்கறதுதானே கெட்டுப்போயிருக்கோணும்?"

"மாட்டுனப்புறம்?"

"அப்பவும் ரெண்டு விநாடிதான்."

சுகந்தி எழுந்துபோய், வேலை விவரம் எழுதும் கரும்பலகையின் மூலையில் சாக்பீஸால் ஓர் எண்ணை எழுதினாள். முப்பத்தொன்று.

"அது என்ன அம்மணி?"

"உங்க மார்க்குங்க சார்."

நாச்சிமுத்துவுக்கு முகம் சுருங்கியது. பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. வகுப்பில் முப்பத்திரண்டு வருடம் சிரிக்காத மனுஷர் அவர்.

"விட்டுட்டுப் போங்க சார். நான் பண்ணி வெக்கறேன்."

"இல்லை. என் கையால பண்ணோணும். நீ சொல்லிக்குடு."

"செரிங்க. அப்ப முதல்ல அந்தக் கையை எடுங்க."

அவர் கை அதற்குள் டிவியின் முதுகுக்குள் போயிருந்தது.

"பிளக்கைப் பிடுங்கிப் பத்து நிமிஷம் ஆச்சு" என்றார் அவர்.

சுகந்தி பழைய குண்டு பல்பு ஒன்றின் இரண்டு வயர்களை எடுத்து, போர்டில் இருந்த பெரிய கெப்பாசிட்டரின் கால்களில் வைத்தாள். பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து அணைந்தது.

நாச்சிமுத்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். கெப்பாசிட்டரைப் பற்றி வருடா வருடம் இரண்டு பக்கம் எழுதிப் போட்டவர்தான்.

"பிளக்கைப் பிடுங்கிட்டா எல்லாம் போயிருமுங்களா சார்?" என்றாள் சுகந்தி. "உள்ளுக்குள்ள வெச்சுட்டே இருக்கும்."

அன்றைய பாடம் அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நாச்சிமுத்து கடையில் இருந்தபடியே மகளுக்குப் போன் போட்டார். ஞாயிறு பத்து மணி என்பது அவர் வீட்டில் பள்ளிக்கூட மணி. மாறவே மாறாது.

"மேகலா, சாப்பிட்டியா? குரூப் டூ பரீட்சைக்கு விண்ணப்பம் போட்டியா? கடைசித் தேதி நெருங்குது. ஜோசியர் உன் ஜாதகம் கேட்டாரு. அது என்ன, தினமும் எட்டு மணிக்கா வீட்டுக்கு வர்றது? அம்மா சொன்னா... ஹலோ? ஹலோ?"

போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கட்டாயிருச்சுங்களா சார்?"

"வேலை இருக்காம். ரெண்டு நிமிஷம் தாண்ட மாட்டேங்கறா. கம்பெனிக்காரன் புள்ளையைப் பிழிஞ்சு எடுக்கறான். அங்க டவரும் சரியில்லை."

"அம்மாகிட்டப் பேசுவாங்களா?"

"அவகிட்ட ஒரு மணி நேரம் பேசுவா! என்னதான் பேசுவாங்களோ. நேத்துப் பூராவும் எங்க வீட்டுப் பூனை குட்டி போட்ட கதை."

சுகந்தி ஒரு ஸ்க்ரூவைப் பல்லில் கடித்துக்கொண்டு இன்னொன்றைக் கழற்றினாள். கழற்றி முடித்துவிட்டுச் சொன்னாள்.

"அப்ப டவர் நல்லாத்தானுங்க இருக்குது."

நாச்சிமுத்து போனைச் சட்டைப் பையில் போட்டார்.

திங்கட்கிழமை அவராகவே கேட்டார்.

"அம்மணி, குடுக்கறவன் மேல தப்பு இல்லைன்னா, வேற எங்க தேடறது?"

"இந்தப் போர்டு எங்கெங்க கரண்ட் அனுப்புதுன்னு பாருங்க சார்."

அவர் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். "ஒண்ணு மெயின் போர்டுக்குப் போகுது. அங்கிருந்து திரைக்குப் போகுது. இன்னொண்ணு, திரைக்குப் பின்னால இருக்கற லைட்டுக்குப் போகுது."

"அந்த லைட்டு வயரைக் கழட்டுங்க."

"கழட்டினா ஒண்ணும் தெரியாதே."

"கழட்டுங்க சார்."

கழற்றினார். ரிமோட்டை அமுக்கினார். ஒன்று, இரண்டு என்று எண்ணினார். பத்து வந்தது. அறுபது வந்தது. டிவி அணையவில்லை. திரை இருட்டாகவே இருந்தது, ஆனால் உள்ளேயிருந்து ஒரு பெண் கொத்தவரங்காய்ப் பொரியலுக்குத் தாளிப்பதைப் பற்றித் தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தாள்.

"பேசுது! ஆனா ஆளைக் காணோம்."

சுகந்தி கடையின் ஷட்டரைப் பாதி இறக்கினாள். ஒரு டார்ச்சை அவர் கையில் கொடுத்தாள்.

"கிட்டப் புடிங்க. நேரா வேண்டாமுங்க. கொஞ்சம் சாய்ச்சு."

சாய்த்துப் பிடித்தார். கறுப்புத் திரைக்குள் மங்கலாக ஒரு வாணலி தெரிந்தது. ஒரு கை தெரிந்தது. வளையல்கூடத் தெரிந்தது. கரண்டி சுற்றிச் சுற்றி வந்தது.

"படம் இருக்குது அம்மணி!"

"எப்பவுமே இருந்துச்சுங்க சார்."

நாச்சிமுத்து பொரியல் முடிகிற வரைக்கும் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். கை வலித்தது. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

"லைட்டுப் பட்டைல ஏதோ ஒரு பல்பு கெட்டிருக்குதுங்க" என்றாள் சுகந்தி. "அதை எரிக்கப் போனா மத்ததும் சேர்ந்து எரிஞ்சு போயிரும். அதனாலதான் டிவியே அணைச்சுக்குது. புதுப் பட்டை கோயமுத்தூர்ல இருந்து வரோணும். எட்டு நாளாகும்."

"தீபாவளிக்கே பன்னெண்டு நாள்தான் இருக்குது."

"எட்டு, பன்னெண்டை விடச் சின்னதுதானுங்க சார்."

கணக்கு அவருக்குத் தெரியும். பொறுமைதான் தெரியாது. புதன்கிழமை மத்தியானம், சுகந்தி ஓர் ஓட்டல் சுவரில் மாட்டியிருந்த டிவியைப் பார்க்கப் போனாள். நாச்சிமுத்து கடையில் தனியாக இருந்தார். போனில் ஒரு வித்தையைப் படித்து வைத்திருந்தார். அணைந்துபோ என்று சொல்கிற இணைப்பை ஒரு துண்டு வயரால் கட்டிவிட்டால், டிவி அணையாது.

கட்டினார். ரிமோட்டை அமுக்கினார்.

ஒன்று. இரண்டு. மூன்று. டிவி எரிந்தது. பத்து. நூறு. நின்று எரிந்தது. படமும் இருந்தது, வெளிச்சமும் இருந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே மனைவி சிவகாமிக்குப் போன் போட்டு, "ஓடுது! நான்தான் ஓட வெச்சேன்!" என்று கத்தினார். பக்கத்து செருப்புக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

நாற்பது நிமிடம் ஓடியது. பிறகு திரையின் ஓரம் கறுத்தது. பிறகு இன்னோர் ஓரம். பிறகு பிளாஸ்டிக் தீயும் நாற்றம். அவர் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கியபோது டிவியின் முதுகிலிருந்து மெல்லியதாகப் புகை வந்துகொண்டிருந்தது.

சுகந்தி திரும்பி வந்ததும் வாசலிலேயே மோப்பம் பிடித்துவிட்டாள். டிவியைப் பார்த்தாள். நாற்காலியில் உட்கார்ந்திருந்த தன் வாத்தியாரைப் பார்த்தாள்.

"என்னாச்சுங்க சார்?"

தானா போயிருச்சு என்ற வார்த்தை அவர் நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கினார்.

"நான்தான் எரிச்சேன் அம்மணி."

சுகந்தி கரும்பலகைக்குப் போனாள். சைபர் போடப் போகிறாள் என்று நாச்சிமுத்து தலையைக் குனிந்துகொண்டார். நிமிர்ந்து பார்த்தபோது முப்பத்திரண்டு என்று எழுதியிருந்தது.

"ஒரு மார்க் எதுக்கு?"

"பதினாலு வருசமாக் கடை வெச்சிருக்கறனுங்க சார். 'நான்தான் பண்ணுனேன்'னு சொல்லி ஒருத்தர் கூட வந்ததில்லை."

கெப்பாசிட்டரில் பல்பை வைத்து மிச்சக் கரண்ட்டை இறக்கிவிட்டு, இரண்டு பேருமாகத் திரையைக் கழற்றினார்கள். பத்திரமாகத்தான் கழற்ற வேண்டும், கண்ணாடி அப்பளம் மாதிரி. அதைத் துணி விரித்து ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டு, அடியில் இருந்த லைட்டுப் பட்டைகளை சுகந்தி விரலால் காட்டினாள்.

"இது முன்னாடியே கெட்டதுங்க. ஒரே ஒரு பல்பு. இந்த நாலும் இன்னைக்கு."

பட்டைகளைச் சுற்றி விரித்திருந்த வெள்ளை ஷீட்டில் ஐம்பது பைசா அளவுக்குப் பழுப்பாக ஒரு கறை இருந்தது. நாச்சிமுத்து கட்டைவிரலில் எச்சில் தொட்டு அதைத் தேய்த்துப் பார்த்தார். போகவில்லை. மறுபடி தேய்த்தார்.

தேய்த்துக்கொண்டே சொன்னார். "மூணு வருசம் முன்னாடி, பரீட்சை சம்பந்தமா ஒரு சண்டை. நாலு நாளா அவ போனை எடுக்கவே இல்லை. பஸ் ஏறி நேராப் பெங்களூருக்குப் போனேன். அவ ஆபீஸ் வாசல்ல உக்காந்துட்டு, என் பொண்ணு என்கிட்டப் பேசுனாத்தான் எந்திரிப்பேன்னு சத்தம் போட்டேன். கூட வேலை செய்யறவங்க எல்லாரும் வெளியே வந்து பாத்தாங்க."

"உங்க பொண்ணு வந்தாங்களா சார்?"

"வந்தா. தலையைக் குனிஞ்சுட்டு வந்தா. அதுக்கப்புறம் நான் எப்பப் போன் பண்ணினாலும் எடுத்துருவா. எடுத்துட்டு, ரெண்டு நிமிஷத்துல வெச்சுருவா."

சுகந்திக்கு அவர் மேல் பாவமாக இருந்தது. ஒரு காலத்தில் இவர் நடந்து வந்தால் வராந்தாவே அடங்கிப்போகும் என்று நினைத்துக்கொண்டாள்.

"இந்தக் கறை போகுமா அம்மணி?"

"போகாதுங்க சார்."

அவர் கையை எடுத்துக்கொண்டார்.

"படம் ஓடறப்பத் தெரியாதுங்க" என்றாள் சுகந்தி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பத்து மணி அடித்தது. நாச்சிமுத்து வீட்டில் போனைக் கையில் எடுத்தார். கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு மேஜை மேல் வைத்துவிட்டுப் பூனைக்குட்டிகளுக்குப் பால் ஊற்றப் போனார். சிவகாமி அடுப்பை விட்டுவிட்டு வந்து அவர் நெற்றியில் கை வைத்து, காய்ச்சலா என்று பார்த்தாள்.

புதுப் பட்டைகள் சொன்னபடி எட்டாம் நாள் வந்து சேர்ந்தன. நாச்சிமுத்து தன் கையாலேயே ஒட்டினார். லைட்டு வயரை மாட்டினார். தான் கட்டிய துண்டு வயரை அறுத்து எடுத்து மேஜை மேல் போட்டார். திரையை இரண்டு பேருமாகத் தூக்கி வைத்தார்கள். அவர் ரிமோட்டை அமுக்கினார்.

படம் வந்தது. நின்றது.

"எடுத்துட்டுப் போகட்டுமா அம்மணி?"

"ஒரு மணி நேரம் ஓடோணுமுங்க சார். என் கடையில ஓடாம எந்த டிவியும் வெளியே போகாது. உக்காருங்க."

உட்கார்ந்தார். இருபது நிமிடம் போயிருக்கும். அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தவர் எழுந்து நின்றுவிட்டார். மேகலா. அவளாக அவர் எண்ணுக்கு அடித்து மூன்று வருடம் இருக்கும்.

"அப்பா, டிவியை எரிச்சிட்டீங்களாமே? அம்மா சொல்லுச்சு."

பரீட்சை, ஜாதகம், எட்டு மணி. மூன்றும் அவர் வாயில் வழக்கம்போல வரிசை கட்டி வந்து நின்றன. மேஜை மேல் அவர் அறுத்துப் போட்ட துண்டு வயர் கிடந்தது. அதைப் பார்த்தார்.

"ஆமா சாமி. எரிச்சிட்டேன்" என்றார்.

"நீங்களா? இயற்பியல் வாத்தியாரா?"

"வாத்தியார்தான். நூத்துக்கு முப்பத்திரண்டு வாங்கியிருக்கேன்."

அந்தப் பக்கம் சிரிப்பு. வெடித்துச் சிரித்தாள். சுகந்திக்கே கேட்டது. எப்படிப்பா, யாருப்பா மார்க் போட்டது என்று அவள் கேட்கக் கேட்க இவர் சொல்லிக்கொண்டே இருந்தார். பல்பு பளிச்சென்று எரிந்ததைச் சொன்னார். டார்ச்சில் தெரிந்த வாணலியைச் சொன்னார். புகையைச் சொன்னார். அவளிடம் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. நடுவில் அவள் என்னவோ சொல்ல ஆரம்பித்தாள். அவள் இப்போது வரைகிற கார்ட்டூனில் ஒரு பூனை வருகிறதாம், அதற்கு நம் வீட்டுப் பூனையின் மூக்கையே வைத்துவிட்டாளாம். நாச்சிமுத்து "அப்படியா, அப்படியா" என்று கேட்டுக்கொண்டு நின்றார். உட்காரவே இல்லை.

கடைசியில் அவளே சொன்னாள். "வியாழக்கிழமை காலையில வர்றேன்ப்பா. நாலு நாள் இருப்பேன்."

போன் அடங்கியது. நாச்சிமுத்து வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்திருப்பார்.

"இருபத்து மூணு நிமிஷம் அம்மணி."

"பாத்துட்டுத்தானுங்க இருந்தேன்."

டிவி ஓடிக்கொண்டிருந்தது. நாச்சிமுத்து அதன் முன்னால் இரண்டு நடை நடந்தார். நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நாலு நாள் இருக்காளாம். அதுல ஒரு நாள், அந்தப் பரீட்சை விஷயத்தை... கோபமா இல்லை, பக்குவமா... எப்பக் கேட்டாச் செரியா இருக்கும்?"

சுகந்தி கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தாள்.

"ஓடற டிவிய எதுக்குங்க சார் கழட்டோணும்?"